களிம்பேறிய கலசம்

கடலுக்குள் கோயில்கள் இருக்கின்றன. அவற்றின் உச்சியில் செப்புத் தகடு வேய்ந்திருந்தது. சூரியன் கிளம்பும் நேரத்தில் அந்தத் தகடுகள் அலைக்கு நடுவே தகதகவென்று மின்னும். எங்கள் பெரியவர்கள் கண்ணால் பார்த்திருக்கிறார்கள். இப்போது ஏன் மின்னுவதில்லை என்றால், செம்பில் களிம்பேறிவிட்டது.

வில்லியம் சேம்பர்ஸ் என்ற ஆங்கிலேயரிடம் மாமல்லபுரத்து ஜனங்கள் இப்படிச் சொன்னார்கள். அவர் அங்கே 1772-இல் ஒரு தடவையும் 1776-இல் இன்னொரு தடவையும் போனவர். பார்த்ததையும் கேட்டதையும் வெகு நாள் கழித்து நினைவிலிருந்து எழுதி, 1784-இல் கல்கத்தா ஆசியச் சங்கத்தில் வாசிக்கக் கொடுத்தார். 1788-இல் அச்சாயிற்று. கட்டுரையில் ரதங்கள், குகைகள், பாறைச் சிற்பம் எல்லாம் வருகின்றன. அவற்றை நாம்தான் போய்ப் பார்த்துக்கொள்ளலாமே. எனக்கு அந்தக் களிம்பு ஒன்று போதும்.

சாமர்த்தியமில்லாத ஆள் என்ன சொல்லியிருப்பான்? கடல் ஏறிவிட்டது என்பான். சாமி கோபித்துக்கொண்டது என்பான். கலியுகம் என்பான். இந்த ஆள் அப்படிச் சொல்லவில்லை. புளி போட்டுத் தேய்க்க ஆளில்லாத செப்புக்குடம் என்ன கதி அடையும் என்று வீட்டில் பார்த்தவன் சொன்ன காரணம் இது. யாராலும் மறுக்க முடியாது. செம்பு உப்புக்காற்றில் பச்சை பூக்கும் என்பது மெய். மெய்யான களிம்பை ஏற்றினால் பொய்யான கோபுரமும் கூடவே மெய்யாகிவிடுகிறது. இன்னொரு நயமும் உண்டு. சொன்னவர் தான் பார்த்ததாகச் சொல்லவில்லை, பெரியவர்கள் பார்த்தார்கள் என்றுதான் சொன்னார். அந்தப் பெரியவர்களைத் தேடிப்போய்க் கேட்டிருந்தால் அவர்களும் தங்கள் பெரியவர்களைக் கை காட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

இந்தக் கதைக்கு விதை போட்டவர்கள் கப்பல்காரர்கள் என்பது என் ஊகம். ஐரோப்பிய மாலுமிகளுக்கு இந்தக் கரை ‘ஏழு பகோடா’, அதாவது ஏழு கோயில். தூரத்தில் தெரிகிற அடையாளத்தை வைத்துத் திசை பிடிக்கிறவர்கள் ஏதோ ஒரு கணக்கில் ஏழு என்றார்கள். கரையில் இறங்கி எண்ணிப் பார்க்கிறவனுக்கு அலையோரம் நிற்பது ஒரே கோயில். ‘மீதி ஆறு எங்கே?’ என்று வந்தவனெல்லாம் கேட்டிருப்பான். கேட்கிற முகத்தைப் பார்த்தால் பதில் இல்லாமல் அனுப்ப மனசு வருமா? விருந்தாளிக்கு இல்லை என்று சொல்லாத சீமை இது. ஆறையும் கடலுக்குள் காட்டிக் கொடுத்துவிட்டார்கள்.

சேம்பர்ஸ் மாதிரி ஊர் பார்த்து எழுதுகிற இதே வேலையாக அமெரிக்கா போன ஆங்கிலேயர்களை நினைத்தால் பாவமாக இருக்கிறது. பிரான்சிஸ் ட்ரோலப் அம்மாள் 1832-இல் அமெரிக்கர்களின் வீட்டு நடப்பைப் பற்றி ஒரு புத்தகம் போட்டாள். சார்லஸ் டிக்கன்ஸ் 1842-இல் போய்வந்து அந்த வருஷமே எழுதினார். இருவர் கண்ணிலும் முதலில் பட்டது எச்சில். புகையிலையை மென்று ஊரெல்லாம் துப்புகிறார்கள் என்று இரண்டு பேரும் பக்கம் பக்கமாகப் புலம்பினார்கள். செங்கல்பட்டு ரயிலடியில் இறங்கியிருந்தால் வெற்றிலைச் சிவப்பைப் பார்த்து இன்னொரு அத்தியாயம் எழுதியிருப்பார்களோ என்னவோ. அமெரிக்கர்கள் கொதித்துப் போனார்கள். கொதிக்க வேண்டியதுதான். வந்தவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, ‘எச்சிலை விடுங்க ஐயா, அதோ அந்த ஏரிக்குள்ளே ஒரு பட்டணம் இருக்கு’ என்று சொல்ல அங்கே ஓர் ஆள் இல்லாமல் போனதற்கு அவர்கள் தங்களையே நொந்துகொள்ள வேண்டும். வெறுங்கண்ணோடு வருகிறவனை அப்படியே விட்டால் அவன் எச்சிலைத்தான் பார்ப்பான். மாமல்லபுரத்தார் சேம்பர்ஸை விடவில்லை. தேவலோகத்தில் இந்திரன் சபையை மறைந்து நின்று பார்த்துவந்த ராஜா ஒருவன் தன் ஊரை அதே அழகில் அமைத்தான் என்றும், தேவர்கள் பொறாமைப்பட்டுக் கடலை ஏவினார்கள் என்றும் சொல்லி அனுப்பினார்கள்.

அது வீண் போகவில்லை. இந்தியா பக்கமே வராத ராபர்ட் சதே என்ற ஆங்கிலக் கவிஞர் அந்த மூழ்கிய நகரத்தைத் தன் ‘கெஹாமாவின் சாபம்’ என்ற நீண்ட காவியத்தில் வைத்தார். 1810-இல் வெளிவந்தது. அதைப் படித்த துரைமார்கள் மனசில் ஒரு கடலடிப் பட்டணத்தோடு சென்னைக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். மாமல்லபுரத்தில் இறங்கியதும் அவர்களே கேட்டிருப்பார்கள், ‘எங்கே அந்தக் கோபுரம்?’ என்று. நம் ஆட்களுக்குச் சிரமம் குறைந்தது.

இன்றைக்குக் கரைக்கோயில் வாசலில் வழிகாட்டி ஒருவரைப் பிடித்து இதைக் கேட்டுப் பாருங்கள். ‘நாங்களா சொல்றோம், வெள்ளைக்காரனே எழுதி வச்சிருக்கான் சார்’ என்பார். எனக்குக் கிடைத்த பதில் அதுதான். நம் வாயிலிருந்து போன கதை சீமைக்குப் போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நமக்கே சாட்சி சொல்கிறது! ட்ரோலப் எழுதியதை அமெரிக்கர்கள் இப்படி மார்பில் அணிந்துகொள்ளவில்லை.

சந்தேகப் பிராணிகள் வாயை அடைக்கக் கடலும் அவ்வப்போது ஒத்துழைக்கிறது. 2002 ஏப்ரலில் கோவா தேசியக் கடலியல் நிறுவனமும் பிரிட்டனிலிருந்து வந்த முக்குளிப்போரும் சேர்ந்து இறங்கிப் பார்த்தார்கள். ஐந்திலிருந்து எட்டு மீட்டர் ஆழத்தில் சுவர்ச் சிதைவுகளும் வெட்டிய கற்களும் கிடந்தன. 2004 டிசம்பர் 26 சுனாமியன்று தண்ணீர் உள்வாங்கியபோது வரிசையாகக் கற்கள் தெரிந்ததைக் கண்டதாகக் கரையில் இருந்தவர்கள் சொன்னார்கள். அலை மணலை அரித்துக்கொண்டு போனதில் சிங்கம் ஒன்று வெளியே வந்தது. பக்கத்துச் சாளுவன்குப்பத்தில் 2005-இல் தோண்டியபோது ஒரு பழைய செங்கல் முருகன் கோயிலே கிடைத்தது. ஆகவே பெரியவர்களை முழுப் பொய்யர்கள் என்று நானும் சொல்லமாட்டேன். ஏதோ இருந்திருக்கிறது. செம்பும் முலாமும் அவர்களுடைய கைங்கரியம்.

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில் திருக்கழுக்குன்றம். அங்கே இதற்கு ஒரு தம்பிக் கதை உண்டு. உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து குருக்கள் கையால் பொங்கல் சாப்பிட்டுப் போகும். ஐரோப்பியப் பயணிகள் மலையேறி அதைப் பார்த்து எழுதினார்கள். இப்போது கழுகுகள் வருவதில்லை. கேட்டால், பாவம் பெருகிவிட்டது என்கிறார்கள். எனக்கு இந்தப் பதிலில் திருப்தியில்லை. களிம்பு அளவுக்கு இது நிற்காது. அந்த மலையில் ஒருகல் மண்டபத்தில் 17-ஆம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களை வெட்டி வைத்திருக்கிறார்கள். சதுரங்கப்பட்டினத்தில் வியாபாரம் செய்தவர்கள், கழுகையும் பார்க்காமல் கதையையும் கேட்காமல் தங்கள் பெயரைச் செதுக்குவதற்கென்றே ஏறியிருப்பார்களோ என்று எனக்கு எரிச்சல். நம் காதலர்கள் கற்றுக்கொண்டது அவர்களிடம்தான் போலிருக்கிறது.

வந்தவர்களில் ஒருவர் மட்டும் கதையில் மயங்கவில்லை. பெஞ்சமின் கை பாபிங்டன். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்தவர். சேம்பர்ஸ் காலத்தில் யாருக்கும் பிடிபடாத மாமல்லபுரத்து எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடித்துப் படித்து 1830-இல் லண்டனில் வெளியிட்டார். கல்வெட்டில் ராஜாவின் பெயர் இருந்தது, சிவனுக்குக் கட்டினான் என்று இருந்தது. இந்திரனும் இல்லை, மூழ்கிய பட்டணமும் இல்லை. உத்தியோகத்தை விட்டுவிட்டு வைத்தியரான அதே மனுஷன் 1829-இல் தொண்டைக்குள் பார்ப்பதற்குக் கண்ணாடி வைத்த கருவி ஒன்றையும் செய்தார். பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்காமல், அது எங்கிருந்து வருகிறது என்று பார்க்கிற சுபாவம்.

ரொம்ப வறட்டு ஆசாமி என்று முடிவு கட்டிவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் தெரிந்தது, வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822-இல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தவரும் இவரே. ஆறு விழித்திருக்கிறதா தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையைத் தண்ணீரில் வைத்துப் பார்த்த சீடர்களோடு அத்தனை நாள் குடித்தனம் நடத்தியவரிடம் போய்க் களிம்பேறிய கோபுரத்தைச் சொன்னால் செல்லுமா? வாய்விட்டுச் சிரித்திருப்பார். மாமல்லபுரத்தார் அவரிடம் என்ன சொன்னார்கள், அவர் எப்படி நழுவினார் என்பதை எழுதிவைத்திருந்தால் அந்தக் கல்வெட்டு அட்டவணைகள் அத்தனையையும் அதற்கு ஈடாகக் கொடுத்துவிடுவேன்.