முதுகில் ஓர் ஊசி

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரி சென்ற பெண்ணுக்குச் சிசேரியன் செய்ய வேண்டுமென்று டாக்டர் சொன்னால், நம் வீட்டுப் பாட்டிமார்கள் வயிற்றைக் கீறுவதைப் பற்றி அவ்வளவாக விசாரிப்பதில்லை. "முதுகிலே ஊசி போடுவார்களாமே! ஆயுசுக்கும் இடுப்பு வலி நிற்காதாமே!" என்றுதான் கலங்குகிறார்கள்.

பாட்டிமார்களைப் பரிகாசம் செய்ய நமக்கு யோக்கியதை இல்லை. குடலிறக்கத்துக்காக நாம் ஆபரேஷன் மேஜைமீது முழங்காலை மார்போடு சேர்த்துச் சுருண்டு கிடந்தபோது, நமது பற்கள் தந்தியடித்தன. ஊசி குத்தியதென்னவோ எறும்புக்கடி போலத்தான். சில நிமிஷங்களில் கால்கள் வெதுவெதுத்துப் பின்னர் வேறு யாருடைய கால்களோ ஆகிவிட்டன. நாம் விழித்தே இருந்தோம். டாக்டர்கள் கிரிக்கெட் பேசிக்கொண்டே நம்மைத் தைத்து முடித்ததையும் கேட்டோம்.

முதுகெலும்புக்குள் தண்டுவடத்தைச் சூழ்ந்து ஸ்படிகம் போன்ற நீர் இருக்கிறது. மூளையைச் சுற்றியுள்ளதையும் சேர்த்தால் சுமார் 150 மில்லி லிட்டர். ஒரு டம்ளர் காப்பிக்கு மேல் இராது. பெரியவர்களுக்குத் தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே நரம்பு இழைகள் மாத்திரம் அந்த நீரில் மிதக்கின்றன. ஊசி நுழைவது அங்கேதான். மருந்து நரம்பின் வாசலிலேயே போய்ச் சேர்வதால் இரண்டு மூன்று மில்லி லிட்டர் போதும். ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கும் சில மருந்துகளை இவ்வழியே செலுத்துகிறார்கள். ரத்தத்தில் செல்லும் மருந்துகள் பல, மூளைப் பக்கம் எளிதில் நுழைவதில்லை.

இவ்வழியை முதலில் சத்திர சிகிச்சைக்குப் பயன்படுத்தியவர் ஜெர்மனியில் கீல் நகரத்து டாக்டர் ஆகஸ்ட் பியர். 1898-ஆம் வருஷம் ஆகஸ்ட் 16-ந் தேதி, ஒரு தொழிலாளியின் முதுகுத் தண்டு நீரில் கொக்கேயின் செலுத்திக் கணுக்காலில் ஆபரேஷன் செய்தார். வலி தெரியவில்லை. ஆனால் நோயாளிகள் பிறகு தலைவலியாலும் வாந்தியாலும் அவதிப்பட்டார்கள். காரணம் அறிய என்ன செய்தார்? மேலும் பத்து ஏழைகளைத் தேடிப் பிடிக்கவில்லை. தம் முதுகையே காட்டினார்! எந்தத் தேசத்தாராயினும் இதற்குக் கைகூப்பத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 24-ந் தேதி, உதவி டாக்டர் ஹில்டிபிராண்ட் பியருக்கு ஊசி போட்டார். மருந்துக் குழாய் ஊசியோடு பொருந்தாமல் நீரும் மருந்தும் ஒழுகிப் போயின. உடனே ஹில்டிபிராண்ட் தம் முதுகைக் காட்டினார். ஐந்து மில்லிகிராம் கொக்கேயின் உள்ளே சென்றது. பியர் அவரை ஊசியால் குத்தினார். எரியும் சுருட்டால் சுட்டார். முழங்காலுக்குக் கீழே இரும்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தார். குடும்பப் பத்திரிகையில் எழுதத் தகாத சோதனைகளும் சில உண்டு. ஹில்டிபிராண்டுக்கு வலியே இல்லை. இருவரும் சந்தோஷமாக விருந்துண்டு, மதுவருந்திச் சுருட்டுப் பிடித்தார்கள்.

பிறகு பியர் ஒன்பது நாள் படுத்திருந்தார். எழுந்து உட்கார்ந்தால் தலைவலி, படுத்தால் மாயம். ஊசித் துவாரத்தின் வழியே அந்த நீர் கசிந்ததே காரணம் என்று அவரே ஊகித்தார். ஊகம் சரிதான். இன்று ஊசிகள் மிகவும் மெல்லியவை; ஆகவே அத்தலைவலி சிலருக்கே வருகிறது. பாட்டிமார்கள் அஞ்சும் ஆயுட்கால இடுப்பு வலியோ, ஊசி போடாமல் பிள்ளை பெற்றவர்களுக்கும் வருவதுதான்.

ஹில்டிபிராண்டுக்கு இரவெல்லாம் வாந்தி. ஆயினும் காலையில் வேலைக்குப் போய்விட்டார், கன்றிப்போன கால்களுடன்.