சுண்ணாம்புக் கோட்டில் வீடு

கருத்துக்கேட்புக் கூட்டம் என்றதும் ஷாமியானா, மைக், மேசைமேல் தண்ணீர் பாட்டில் என்று ஒரு காட்சி நமக்குப் பழகிவிட்டது. திண்டிவனம், விழுப்புரம் பக்கம் வீட்டுத் திட்டங்களுக்காக மக்களிடம் பேசுவதையே வேலையாகக் கொண்ட எனக்கு ஷாமியானாவைக் கண்டாலே சந்தேகம்தான். பந்தல் போட்டாயிற்று என்றால் இடமும் முடிவாகிவிட்டது, கையெழுத்து மட்டும் பாக்கி என்று பொருள்.

என் வேலையில் பெரும்பகுதி இருளர் குடியிருப்புகளில். ஏரிக்கரை, ஓடைக்கரைப் புறம்போக்கில் நாலு குடிசை, எட்டுக் குடிசை என்று சிதறிக் கிடப்பவை. சாதிச் சான்று, பட்டா, கொத்தடிமை மீட்பு என்று அவர்களுக்காகத் திண்டிவனத்தில் இருந்துகொண்டு பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல்லாண்டு போராடியதை இந்த மாவட்டம் அறியும். இன்று பணம் ஓரளவு வருகிறது. தமிழ்நாட்டின் ஆறு தொல்பழங்குடிகளில் இருளரும் உண்டு என்பதால், 2023 நவம்பரில் தொடங்கிய ஒன்றிய அரசின் பி.எம். ஜன்மன் திட்டத்தில் வீடு கிடைக்கிறது. 2024இல் மாநில அரசு அறிவித்த கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய். ஆனால் வீடு கட்டப் பட்டா வேண்டும். நீர்நிலைப் புறம்போக்கில் பட்டா கிடைக்காது. ஆகவே வேறு இடம் பார்க்க வேண்டும். அங்கேதான் என் வேலை தொடங்குகிறது.

"வீடு வேண்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று யார் சொல்வார்? அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போவது கருத்துக்கேட்பு ஆகாது. கேட்க வேண்டியது எங்கே, யாருக்குப் பக்கத்தில், எந்த வாசல் என்பதை. அதையும் இடம் முடிவாகும் முன் கேட்க வேண்டும். ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969லேயே மக்கள் பங்கேற்பை எட்டுப் படி ஏணியாக வரைந்து, கருத்துக் கேட்பதை நடுப்படியில்தான் வைத்தார். நம்மூரில் பெரும்பாலான கூட்டங்கள் அந்த நடுப்படிக்கே வருவதில்லை.

எங்கே உட்கார்ந்து கேட்கிறோம் என்பதும் முக்கியம். ஊர் நடுவில், கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் இருளர் வருவார்கள், ஓரமாக நிற்பார்கள், வாயைத் திறக்கமாட்டார்கள். தாங்கள் வேலைக்குப் போகும் நிலத்துக்காரர் முன்வரிசையில் இருக்கும்போது, அவர் வயலை ஒட்டிய மேய்க்கால் நிலம் எங்களுக்கு வேண்டும் என்று எவர் சொல்வார்? அதனால் முதல் பேச்சு அவர்கள் குடிசை வாசலில், இருட்டிய பிறகு. ஊராருடன் பேச்சு தனியாக, வேறொரு நாளில். இருவரையும் சேர்த்து உட்கார வைப்பது கடைசியில்தான். சீக்கிரம் சேர்த்து வைப்பதை ஒற்றுமை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது அவசரம்.

காலமும் அப்படித்தான். சனவரி 26 கிராம சபையில் பயனாளிப் பட்டியல் வாசிக்கும்போது பாதிக் குடியிருப்பு கரும்பு வெட்டப் போயிருக்கும். மே 1 வந்தால் செங்கல் சூளை. ஆகஸ்டு 15தான் ஆட்கள் ஓரளவு ஊரில் இருக்கும் கிராம சபை.

இடம் பார்க்கப் போகும்போது நான் முதலில் தேடுவது அந்தக் குடியிருப்பின் மூத்த மனுஷியை. சர்வே எண் அவருக்குத் தெரியாது. ஏரி ரொம்பினால் தண்ணீர் கலங்கல் தாண்டி எந்தப் பள்ளத்தில் இறங்கும் என்பது தெரியும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 செ.மீ. மழை கொட்டியது. வரைபடத்தில் மேடாகத் தெரிந்த இடங்களிலும் தண்ணீர் நின்றதை எல்லோரும் பார்த்தோம். அதற்குப் பிறகு கிழவிகள் கை காட்டும் திசையை அதிகாரிகளும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

எனக்கு மிகப் பிடித்த வேலை அடுத்தது. வீட்டு வரைபடத்தைத் தாளில் காட்டினால் தலையாட்டுவார்கள். அதனால் குச்சி நட்டு, கயிறு கட்டி, சுண்ணாம்புத் தூளால் வீட்டைத் தரையிலேயே முழு அளவில் போட்டுவிடுவேன். கனவு இல்லம் என்றால் 360 சதுர அடி. கோடு போட்டதும் பேச்சு மாறிவிடும். ஒரு பெண் பிள்ளைகளோடு உள்ளே படுத்துப் பார்த்து, "காலு வெளிய போவுது சார்" என்றார். வாசல் நேராக ஊர்ச் சாலையைப் பார்த்தால் வேண்டாம் என்றார் இன்னொருவர். அவர்கள் கேட்டது குடியிருப்பு நடுவில் பொது முற்றம், அதைப் பார்த்து வாசல்கள், முற்றத்து மூலையில் கன்னிமார் சாமிக்கு இடம். விறகடுப்பு உள்ளே என்றால் புகையில் சாவோம் என்பது எல்லாப் பெண்களும் சொன்னது. இந்த 360இல் 300 சதுர அடிக்குத்தான் கான்கிரீட் கூரை கட்டாயம். மிச்சம் 60 சதுர அடிக்கு, தீப்பிடிக்காத எதைக் கொண்டும் பயனாளி விருப்பப்படி கூரை போடலாம். விதியிலேயே விருப்பத்துக்கு விட்ட இடம் அது. ஒப்பந்தக்காரர் கையில் போனால் அந்த விருப்பமும் அவருடையதாகிவிடும். சுண்ணாம்புக் கோட்டில் நின்று பேசியவர்கள் அதை விட்டுக்கொடுப்பதில்லை. விறகடுப்புக்குத் திண்ணையோடு ஒரு சார்ப்பு கேட்டு வாங்குகிறார்கள்.

கட்டி முடித்தால் போதும், மக்கள் தானாக வந்துவிடுவார்கள் என்று வாதிடுபவர்களை வானூர் வட்டம் கொழுவாரிக்கு அழைத்துப்போகலாம். அங்கே சமத்துவபுரம் கட்டி, பத்தாண்டுக்கு மேல் திறக்காமல் கிடந்து, 2022 ஏப்ரலில்தான் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் 100 வீடுகளைத் திறந்துவைத்தார். அது ஆட்சி மாற்றத்தின் கதை, கருத்துக்கேட்பின் கதையல்ல. என்றாலும் குடியேறப்போகிறவர்கள் தொடக்கம் முதலே ஒரு குழுவாக இருந்திருந்தால் பூட்டிய வீடுகளைப் பார்த்துக்கொண்டு அத்தனை ஆண்டு சும்மா இருந்திருப்பார்களா?

உங்கள் ஊராட்சியில் அடுத்த கிராம சபை நடக்கும்போது ஒன்று செய்யுங்கள். வீட்டுப் பட்டியல் வாசிக்கப்படும்போது, அதில் பெயர் உள்ளவர்கள் கூட்டத்தில் இருக்கிறார்களா, இடத்தை அவர்கள் போய்ப் பார்த்தார்களா என்று எழுந்து கேளுங்கள். இல்லை என்று பதில் வந்தால், அதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள்.