"இது வேற லாட்டு, அம்மிணி!"

மடிக் கணினி வாங்கப் போகிறோம் என்று வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்கள்! பெண் பார்க்கும் விஷயத்தில்கூட அத்தனை பேர் யோசனை சொல்ல மாட்டார்கள். "ஐ-செவன் இல்லாமல் வாங்காதே" என்பார் ஒருவர். "ஆப்பிளைத் தவிர மற்றதெல்லாம் வீண்" என்பார் இன்னொருவர். வாங்குகிறவளுக்கு என்ன வேலை, கையில் எவ்வளவு பணம் என்று கேட்கிறவர்தான் கிடைக்க மாட்டார்.

பொங்கலூரில் என் தம்பி மகளுக்கு இதுதான் நடந்தது. அவள் பகலில் திருப்பூருக்குப் போய்ப் பனியன் கம்பெனிகளுக்குப் படம் எடுத்துக் கொடுக்கிறாள். செல்போனில் விரலால் தள்ளித் தள்ளி டி-ஷர்ட் பார்க்கிறீர்களே, அந்தப் படங்கள்தான். இரவில், 2002-இல் ஏற்பட்ட தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் பி.காம். பாடம். வீட்டில் இருந்த கணினி, பிளஸ் டூ படிக்கையில் அரசாங்கம் கொடுத்தது. 2011-இல் தொடங்கிய அந்த விலையில்லா மடிக் கணினித் திட்டத்தால் எங்கள் பக்கத்துப் பெண்கள் பலர் முதன்முதலாகக் கணினியைத் தொட்டார்கள். அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பாடம் படிக்கவும் எழுதவும் அது இன்றும் போதும். படம் திருத்தத்தான் முடியவில்லை. ஒரு படத்தைத் திறக்கச் சொல்லிவிட்டு, காபி கலந்து குடித்துவிட்டு வந்தால், அப்போதுதான் பாதிப் படம் தலை காட்டியிருக்கும்!

தாமதத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம். நிறத்தில் வந்த சங்கடம்தான் பெரிது. அந்தத் திரையை நம்பித் திருத்தி அனுப்பிய அரக்கு நிற டி-ஷர்ட்டுகள், வாங்கியவர் வீட்டில் வேறு நிறமாகப் போய் இறங்கின. "படத்தில் ஒன்று, கையில் ஒன்று" என்று சரக்கு திரும்பி வந்தது. அந்தக் கம்பெனி அவளுடைய கூலியில் பாதியைப் பிடித்துக்கொண்டது. இன்னொரு தடவை நடந்தால் வேலையே கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள். சீட்டு எடுத்த 70,000 ரூபாயை முடிந்துகொண்டு அவளும் அவள் அம்மாவும் நானும் கோயமுத்தூர் பஸ் ஏறினோம்.

கடைக்காரத் தம்பி நல்ல பையன். ஆனால் அவர் முதலில் எடுத்து வைத்தது விளையாட்டுக்கென்றே செய்த கணினி. எழுத்துக்களுக்கு அடியில் சிவப்பும் பச்சையுமாக விளக்கு எரிகிறது, மாரியம்மன் நோம்பிக்குச் சீரியல் செட் போட்ட மாதிரி! எடை இரண்டேகால் கிலோ. பஸ்ஸில் நின்றுகொண்டே போகிற பெண், காமிராவோடு இதையும் தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்றோம்.

பிறகு மெல்லியதாக இரண்டு கணினிகள் வந்தன. என் தம்பி மகள் பென் டிரைவில் கொண்டுவந்திருந்த ஒரே படத்தை இரண்டிலும் திறக்கச் சொன்னாள். கைப்பையிலிருந்து அந்த அரக்கு டி-ஷர்ட்டையே எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவள் அம்மா அதுவரை வாயே திறக்கவில்லை. பதினெட்டு வருஷம் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்த்தவள். குனிந்து பார்த்தாள், முதல் கணினியைக் காட்டி, "இது வேற லாட்டு, அம்மிணி" என்றாள்.

லாட்டு என்றால் என்னவென்று பட்டணத்து வாசகிகளுக்குச் சொல்ல வேண்டும். ஒரே தடவையில் சேர்ந்து சாயம் ஏறிய துணி ஒரு லாட்டு. அடுத்த தடவை அதே சாயத்தைப் போட்டாலும் நிறம் ஓர் இழை தள்ளி நிற்கும். ஒரு லாட்டில் உடம்பும் இன்னொரு லாட்டில் கையுமாகத் தைத்துவிட்டால் அந்த உருப்படி கழிவுதான். அதைக் கண்டுபிடிப்பது செக்கிங் பெண்களின் கண். சாயப் பட்டறைகளில் பகல் வெளிச்சத்துக்குச் சமமான டி-65 விளக்குப் பெட்டியில் துணியை வைத்துப் பார்ப்பதும் இதற்காகத்தான்.

அவள் கண் சொன்னதற்குக் காரணம் இருந்தது. எச்.பி.யும் மைக்ரோசாப்டும் 1996-இல் வகுத்த எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற வரம்பைத்தான் இணையத்துப் படங்கள் பெரும்பாலும் அனுசரிக்கின்றன. விலை குறைந்த திரைகள் பலவற்றில் "45 சதம் என்.டி.எஸ்.சி." என்று போட்டிருக்கும். அந்த வரம்பில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைத்தான் அவை காட்டும் என்று அர்த்தம். அரக்கு அதில் செங்கல்லாகிவிடும். "100 சதம் எஸ்.ஆர்.ஜி.பி." என்று போட்ட ஐ.பி.எஸ். திரையைக் கேட்டு வாங்குங்கள். கண்ணைப் பறிக்கும் ஃப்ளோரசன்ட் பச்சையை மட்டும் அந்தத் திரையும் முழுதாகக் காட்டாது. அதற்கு யாரையும் கோபித்துப் பயனில்லை. திரையை அளந்து சரிசெய்யும் சின்னக் கருவி ஒன்றும் உண்டு. அதைத் தோழியிடம் இரவல் வாங்கிக்கொண்டாள். துணியோடு ஒரு சாம்பல் நிற அட்டையையும் வைத்து ஒரு படம் எடுத்துக்கொள்கிறாள், பின்னால் நிறத்தை ஒப்பிட்டுச் சரிசெய்ய.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 24 மெகாபிக்சல் காமிராவில் 'ரா' படம் ஒன்றே சுமார் 25 எம்.பி. இருக்கும், ஒரு நாளில் நானூறு எடுத்தால் 10 ஜி.பி. போய்விடும். படம் திருத்தும் லைட்ரூம், 8 ஜி.பி. ராமில் முனகிக்கொண்டு நடக்கும், 16-இல் நிம்மதியாக நடக்கும். சில மெல்லிய கணினிகளில் ராமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் கூட்ட முடியாது. இதை வாங்கும்போதே கேளுங்கள். லைட்ரூமுக்குச் சந்தா கட்ட மனமில்லாதவர்களுக்கு டார்க்டேபிளும் கிம்ப்பும் இலவசம்.

படிப்புக்கோ? அதற்குப் பெரிய கணினியே வேண்டாம். பாடப் புத்தகம் கண்ணுக்கு உறுத்தாமல் தெரிந்து, தட்டச்சு கைக்கு இதமாக இருந்து, கரண்ட் போனாலும் நாலு மணி நேரம் தாக்குப் பிடித்தால் சரி. படத்துக்கென்று பார்த்து வாங்கினால் படிப்பு அதிலேயே அடங்கிவிடுகிறது.

இரண்டாவது கணினியையே 64,000 ரூபாய்க்கு வாங்கினோம். ஒன்றரைக் கிலோ, 16 ஜி.பி. ராம், 512 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பெயர் பெற்ற ப்ராசஸர் இல்லை என்று என் தம்பிக்கு இன்னும் குறை. மிச்சப் பணத்தில் படங்களைப் பத்திரப்படுத்த வெளியே மாட்டுகிற டிஸ்க் ஒன்று. பழைய கணினி தறிக் கணக்கு எழுதத் தம்பியிடம் போயிற்று.

கூலியைப் பிடித்த கம்பெனிக்கு இந்த மாதம் மறுபடியும் படம் போகிறது. அனுப்புவதற்கு முன் அம்மாவைக் கூப்பிடுகிறாள். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, துணியைப் பிடித்தபடி திரையைப் பார்க்கிறாள். போன வாரம் பதினாறு படங்களில் இரண்டைத் திருப்பிவிட்டாள்!