ஊடலும் உரையும்

திருக்குறளில் இரண்டு அதிகாரங்கள் ஒரே பெயரைத் தாங்கி நிற்கின்றன. பொருட்பாலின் 71-ஆம் அதிகாரமும் குறிப்பறிதல். இன்பத்துப்பாலின் 110-ஆம் அதிகாரமும் குறிப்பறிதல். முன்னது அரசனின் முகம் நோக்கி அவன் உள்ளத்தை உணரும் அமைச்சனைப் பற்றியது. பின்னது காதலியின் கண் நோக்கி அவள் உள்ளத்தை உணரும் காதலனைப் பற்றியது. அரசவையாயினும் இல்லமாயினும், சொல்லாமலே உணர்தல் உயர்ந்த பண்பு என்று கருதி வளர்ந்தது தமிழ்ச் சமுதாயம். உள்ளுறை என்றும் இறைச்சி என்றும் குறிப்புப் பொருளுக்கு இலக்கணமே வகுத்தவர் நம் முன்னோர்.

ஆயின், குறிப்பை எளிதில் அறிய இயலாத அமைப்போடு பிறந்தவரின் நிலை என்ன? இல்லாத குறிப்பையும் இருப்பதாக உணர்ந்து துன்புறும் அமைப்போடு பிறந்தவரின் நிலை என்ன? இவ்விருவரும் ஒரே கூரையின்கீழ்க் கணவனும் மனைவியுமாக வாழ நேர்ந்தால் அவ்வீட்டில் என்ன நிகழும்? இவ்வினாக்களுக்கு விடை தேடி நாங்கள் நெடுநாள் அலைந்தோம். நாங்கள் புனே நகரில் கட்கிப் பகுதியில் வாழும் ஓர் எளிய குடும்பத்தினர். இதனை எழுதும் கை, மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராய்ப் பணியாற்றும் கணவனுடையது. எழுதப்படும் கருத்தோ இருவருக்கும் உரியது. ஆதலின் 'நாங்கள்' என்றே எழுதுகிறோம்.

வள்ளுவப் பெருந்தகை 132-ஆம் அதிகாரத்திற்குப் புலவி நுணுக்கம் என்று பெயரிட்டார். அங்கே தலைவன் எது சொன்னாலும் தலைவிக்கு அது புண்ணாகிறது. எல்லாரினும் உன்பால் அன்புடையேன் என்கிறான். எவரெவரினும் என்று வினவி அவள் ஊடுகிறாள். இப்பிறப்பில் பிரியேன் என்கிறான். மறுபிறப்பில் பிரிவான் போலும் என்று கொண்டு அவள் கண்கலங்குகிறாள். நினைத்தேன் என்றாலோ, நினைப்பதற்கு முன் மறந்திருந்தீரே என்கிறாள். தும்மினால் ஒரு துயரம். தும்மலை அடக்கினால் மற்றொரு துயரம்! சொல்லில் இல்லாத புறக்கணிப்பைக் கேட்கும் செவியை இத்துணை நுட்பமாக வேறெவர் காட்டியுள்ளார்?

எனினும் ஒரு வேறுபாட்டை நாம் மறத்தலாகாது. குறளின் தலைவனும் தலைவியும் ஆடுவது ஆட்டம். அதன் விதி இருவருக்கும் தெரியும். அதனாலன்றோ அடுத்த அதிகாரம் ஊடலுவகை என்று மகிழ்ச்சியில் முடிகிறது? ஊடல் உணவுக்கு உப்புப் போன்றது, அளவு மிகுந்தால் கெடும் என்றும் வள்ளுவர் எச்சரித்துள்ளார். எங்கள் வீட்டில் உப்பின் அளவு இருவர் நாவிற்கும் ஒன்றாக அமையவில்லை.

எங்களுள் மனைவிக்குச் சொல் என்றால் சொல்தான். அதன் பின்னே மற்றொரு பொருள் ஒளிந்திருக்கும் என்று அவர் எண்ணுவதில்லை. புனேயின் பழைய பேட்டைகளில், குறிப்பாகச் சதாசிவ பேட்டையில், வாயில்தோறும் தொங்கும் அறிவிப்புப் பலகைகளைப் புதிதாக வந்த அன்பர்களும் கண்டிருப்பர். 'புனேரி பாட்யா' என்று மராத்தியர் நகையோடு குறிப்பிடும் பலகைகள் அவை. பிற்பகலில் மணியை அடிக்காதே, இங்கே வண்டியை நிறுத்தாதே, முகவரி கேட்டுத் தொல்லை செய்யாதே என்று ஒளிவுமறைவின்றி உரைப்பவை. மனைவிக்கு இந்நகரில் மிகவும் பிடித்தவை அப்பலகைகளே. என்ன வேண்டும் என்பதை எழுதியே மாட்டிவிட்டால் எவ்வளவு நிம்மதி என்பார். கணவனுக்கோ அப்பலகை ஒவ்வொன்றும் தன்னை நோக்கியே எழுதப்பட்டது போலத் தோன்றும்.

அலுவலகத்திலும் அவ்வாறே. கோப்பு மேலதிகாரியிடமிருந்து திரும்பி வருகையில் ஓரத்தில் 'பிளீஸ் ஸ்பீக்' என்று இரண்டு சொல் எழுதப்பட்டிருக்கும். மத்திய அரசுப் பணியாளர் அனைவரும் அறிந்த சொற்கள் இவை. நேரில் வந்து பேசுக என்பதே பொருள். உடன் பணியாற்றுவோர் தேநீரை அருந்தி முடித்துவிட்டு மெல்லச் செல்வர். கணவனுக்கோ உள்ளங்கை வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், வேலையே போயிற்று என்று உள்ளம் ஓலமிடும். உள்ளே சென்றால், ஒரு தேதி விடுபட்டதைச் சுட்டி, அதனை நிரப்பச் சொல்வார் அதிகாரி. அவ்வளவே.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். மதுரையில் மாமியாருக்குக் கண்புரை அறுவை நடக்கவிருந்தது. மனைவி நாகர்கோவில் வண்டியில் தமக்கு மட்டும் சீட்டுப் பதிந்துகொண்டு, "வெள்ளிக்கிழமை நான் ஊருக்குப் போகிறேன்" என்றார். அது வெறும் செய்தி. கணவன் செவியில் விழுந்ததோ, உம்மை விட்டுப் போகிறேன் என்பது. அவன் வாயடைத்துப்போய் உணவு கொள்ளாமல் படுத்தான். அவன் பேசாதிருப்பதைக் கண்ட மனைவி, களைப்புற்றிருக்கிறார், தனியே விடுவதே நன்று என்று எண்ணி விலகி நின்றார். அவர் அன்பினால் விலகினார். அவ்விலகலே கணவனுக்கு இரண்டாம் அடியாயிற்று. மனைவி மதுரைக்குச் சென்ற பின்னரும் தொலைபேசி ஒலிக்கவில்லை. பதினொரு நாள் பேச்சில்லை. அந்நாள்களில் பிரிந்து வாழ்வதைப் பற்றி இருவருமே தனித்தனியே எண்ணியிருந்தோம் என்பதைப் பின்னரே அறிந்தோம். பகையினால் அன்று, ஒருவர் அன்பு மற்றவர்க்கு எட்டாமையால்.

மறு ஆண்டு எங்கள் மகனைப் பள்ளி ஆசிரியையின் அறிவுரைப்படி மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். பையனுக்கு அப்போது பத்து வயது. அவனுக்குக் கவனக்குறைவும் மிகையியக்கமும் சேர்ந்த அமைப்பு, அதாவது ஏடிஹெச்டி, உள்ளதெனத் தெரிந்தது. அவனைப் பற்றிக் கேட்ட வினாக்கள் தந்தையின் இளமையை அப்படியே உரித்துக் காட்டின. சில மாதங்களில் எங்கள் இருவருக்கும் பெயர் கிடைத்தது: கணவனுக்கு மகனுக்குள்ள அதே அமைப்பு, மனைவிக்கு ஆட்டிசம் எனப்படும் தொகுதியைச் சார்ந்த அமைப்பு. நாற்பது வயதில் இப்படியொரு பெயரா என்று உறவினர் சிலர் நகைத்தனர். எங்களுக்கு அப்பெயர் இருட்டறையில் ஏற்றிய விளக்காயிற்று.

பல்கூச்சம் உள்ளவர் குளிர்ந்த நீரை வாயிலிட்டால் துள்ளுவர். மற்றவர்க்கு அது வெறும் நீர். அதுபோன்றதே புறக்கணிப்புக் கூச்சம். 1996-இல் அமெரிக்கக் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெரால்டின் டௌனி, ஸ்காட் ஃபெல்ட்மன் என்னும் உளவியலார் இதனை மூன்று படிகளாக விளக்கினர்: புறக்கணிப்பை அஞ்சி எதிர்நோக்கல், ஐயத்திற்குரிய செயலில் அதனை விரைந்து காணல், கண்டபின் அளவு கடந்து துடித்தல். 2003-இல் நவோமி ஐசன்பெர்கர் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கணினியில் பந்தெறியும் விளையாட்டில் ஒருவரைச் சேர்க்காமல் ஒதுக்கினர். உடல்வலியின் துயரோடு தொடர்புடையதாகக் கருதப்படும் மூளைப்பகுதியொன்று அவருக்கு அப்போது கூடுதலாகச் செயற்பட்டது. வெறும் விளையாட்டுப் பந்துக்கே இப்படி! கவனக்குறைவு உள்ளோர் பலரிடம் இக்கூச்சம் மிகுதி என மருத்துவர் சிலர் கூறுவர். ஆயினும் அமெரிக்க மனநல மருத்துவர் கையேட்டில் இது தனி நோயாக இடம்பெறவில்லை. சிறுவயது முதல் நாள்தோறும் திட்டு வாங்கி வளர்ந்தவர் அடுத்த திட்டை எதிர்பார்த்தே நிற்பதில் வியப்பில்லை.

மனைவிக்கு உற்ற விளக்கம் வேறு. ஆட்டிசம் உள்ளவர் பிறர் உள்ளத்தை அறியார் என்பது பழைய கருத்து. தாமே ஆட்டிசம் உடைய பிரித்தானிய அறிஞர் டேமியன் மில்டன் 2012-இல் அதனை மறுத்தார். குறை ஒரு பக்கத்தில் மட்டும் இல்லை. இருவேறு அமைப்புடையோர் சந்திக்கையில் ஒருவரை ஒருவர் அறியாமை இரு பக்கத்தும் உண்டு என்றார். அதனை இரட்டை ஒத்துணர்வுச் சிக்கல் என்பர். நம்மவர் பலர் பார்த்த 'மை நேம் இஸ் கான்' என்னும் 2010-ஆம் ஆண்டு இந்திப் படத்தை நினைவுகூர்க. மகனை இழந்த துயரில் மனைவி, அமெரிக்க அதிபரிடமே சென்று நீ பயங்கரவாதி அல்லன் என்று சொல்லிவிட்டு வா என்று கணவனிடம் சீறுகிறாள். அது சீற்றம் என்பது நமக்குத் தெரியும். கணவனோ அதனை வேண்டுகோளாகவே கொண்டு அதிபரைத் தேடிப் புறப்பட்டுவிடுகிறான். அவன் அன்பில் குறைவில்லை. அச்சொல்லின் குறிப்புத்தான் அவனுக்கு எட்டவில்லை.

பழந்தமிழர் இதற்கோர் ஏற்பாடு வைத்திருந்தனர். தலைவன் தலைவியரிடையே ஊடல் தீர்க்கும் வாயில்களாகத் தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாட்டி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர் எனப் பன்னிருவரைத் தொல்காப்பியம் எண்ணுகிறது. ஊரில் கூட்டுக் குடும்பத்தில் இருந்தால், "அவள் அப்படிச் சொல்லவில்லையப்பா, அம்மாவின் கண்ணைப் பார்க்கத்தான் போகிறாள்" என்று ஓர் அத்தையேனும் இடைபுகுந்து சொல்லியிருப்பார். பிழைப்பின் பொருட்டுப் புலம்பெயர்ந்து, இரண்டு அறைக் குடியிருப்பில் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் நம்மனோர்க்கு வாயில் யார்? பக்கத்து வீட்டாரிடம் மராத்தியில் காய்கறி விலை பேசலாம். மனப்புண்ணைப் பேச முடியுமா? ஆதலின் நமக்கு நாமே வாயிலாதல் வேண்டும். அதற்குக் கருவி, சொல்.

எங்களுக்கு வழிகாட்டியது அரசாங்கக் கோப்பே என்றால் அன்பர்கள் நகைப்பர். பச்சைக் குறிப்புத்தாள் இன்று பல அலுவலகங்களில் கணினித் திரைக்கு மாறிவிட்டது; அதன் ஒழுங்கு மாறவில்லை. நிகழ்ந்தது என்ன, அதற்குரிய விதி என்ன, எழுதுபவர் கருத்து என்ன, வேண்டும் ஆணை என்ன என வரிசையாக எழுதுதல் வேண்டும். படிப்பவர் தாமே உணர்ந்துகொள்வார் என்று எதனையும் விடுதல் கூடாது. இவ்வொழுங்கை நாங்கள் சமையலறைக் குறிப்பேடு ஒன்றிற்குக் கொண்டுவந்தோம். புண்பட்டவர் மூன்று வரி எழுதுவார்: நடந்தது இது, நான் கொண்ட பொருள் இது, எனக்கு வேண்டுவது இது. மற்றவர் நான்காம் வரியில் தாம் கருதியதை எழுதுவார். பெரும்பாலும் இரண்டாம் வரிக்கும் நான்காம் வரிக்கும் யாதொரு தொடர்பும் இராது. அதனைக் கண்டு இருவரும் சிரித்த நாள்கள் உண்டு.

மௌனத்திற்கும் பெயர் சூட்டினோம். குக்கர் ஒலியும் தெருவின் ஒலிபெருக்கியும் சேர்ந்து தாக்கும்போது மனைவி "சத்தம், அரை மணி" என்று மட்டும் சொல்லி அறைக்குள் செல்வார். முன்பெல்லாம் ஒன்றும் சொல்லாமல் செல்வார். அவ்விரண்டு சொல், கணவனை அரைமணி நேர நரகத்தினின்று காத்துவிடுகிறது. அவ்வாறே 'பிளீஸ் ஸ்பீக்' என்பதை எங்கள் வீட்டில் வெறுமனே எழுதுவதில்லை. "எட்டு மணிக்குப் பேசுவோம், பொருள் மின்கட்டணம், கோபம் இல்லை" என்று முழுமையாக எழுதுவோம். மனம் துடிக்கும்போது கணவன் மறுமொழி கூறுமுன், "நீ என்னை வேண்டாம் என்கிறாயா?" என்று நேரே கேட்பான். "இல்லை, உப்பு வாங்கிவரச் சொல்கிறேன்" என்று மனைவி நேரே விடை சொல்வார். கேட்பதில் நாணமில்லை, சொல்வதில் சலிப்பில்லை.

இதனால் துடிப்பு முற்றும் அடங்கிவிட்டதென்று கூறோம். கூச்சம் இருக்கிறது, அதன் கால அளவு குறைந்திருக்கிறது. பதினொரு நாள் என்பது ஒரு மாலையாய்ச் சுருங்கியிருக்கிறது. மற்றொன்றையும் தெளிவுபடுத்த வேண்டும். கை நீட்டி அடிப்பவரும், இழிசொல்லால் நாள்தோறும் வதைப்பவரும் எங்களுக்கு அமைப்பே இப்படி என்று தப்பித்துக்கொள்ள இவ்விளக்கம் இடந்தரலாகாது. அமைப்பு காரணத்தைக் காட்டும், பொறுப்பை நீக்காது.

1995-ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் எண்ணிய 21 வகைகளுள் அது இடம்பெற்றது. கவனக்குறைவு அமைப்புக்கு அதில் தனியிடம் இல்லை. சட்டம் சான்றிதழும் சலுகையும் தரும்; இரவு உணவின்போது கணவனும் மனைவியும் பேசிக்கொள்ள வழிசெய்ய அதனால் இயலாது. அது வீட்டின் கடமை. வீட்டைத் தாங்கும் சங்கத்தின் கடமையுமாகும்.

பொங்கல் விழாவிலும் முத்தமிழ் விழாவிலும் நாம் கூடுகிறோம். ஒரு மூலையில் யாருடனும் பேசாமல் ஒரு பெண்மணி நின்றால் செருக்கு என்கிறோம். ஒரு சொல்லுக்கு முகம் வாடிப்போகும் இளைஞனைத் தொட்டாற்சிணுங்கி என்கிறோம். அப்பெயர்களைச் சற்றே ஒத்திவைத்து, அருகில் சென்று தெளிவாகப் பேசுவோமாயின், பன்னிரு வாயில்களையும் ஊரில் விட்டுவந்த குடும்பங்களுக்குச் சங்கமே பதின்மூன்றாம் வாயிலாகும். குறிப்பறிதல் உயர்ந்த பண்பே. அதனை நாம் கைவிட வேண்டுவதில்லை. அப்பண்பு எட்டாதவர்க்கும், அதனால் வருந்துபவர்க்கும், வெளிப்படச் சொல்லுதலே அன்பு.