சிம்ப்சன் பாலைவனத்தைக் கடக்கும் குழுவும் அதன் சுமையும்

ஆஸ்திரேலியக் கண்டத்தின் நடுவில், தெற்கு ஆஸ்திரேலியா, குவீன்ஸ்லாந்து, வட ஆட்சிப்பகுதி ஆகிய மூன்றின் எல்லைகளும் சந்திக்கும் இடத்தைச் சூழ்ந்து கிடக்கும் சிம்ப்சன் பாலைவனம், ஏறத்தாழ 1,76,500 சதுர கிலோமீட்டர் பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட செம்மணல் மேடுகளைக் கொண்டது. வடமேற்கிலிருந்து தென்கிழக்காக ஒன்றுக்கொன்று இணையாக ஓடும் இம்மேடுகளுள் சில, 200 கிலோமீட்டர் வரை அறுபடாமல் நீள்கின்றன. மேற்கே மவுண்ட் டேர் என்னும் தங்குமிடத்துக்கும் கிழக்கே பர்ட்ஸ்வில் என்னும் சிற்றூருக்கும் இடையிலுள்ள 500 கிலோமீட்டருக்கும் கூடுதலான வழியில் டீசல் கிடைக்காது, கடை இல்லை, கைப்பேசித் தொடர்பும் இல்லை. இத்தகைய இடத்தைப் பல வண்டிகளில் கூட்டாகக் கடந்தால் அந்தக் கூட்டமே காவல் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் சேர்ந்துகொள்ளும் ஒவ்வொரு வண்டியும் பழுதாகக்கூடிய இன்னொரு பொறி என்பதையும், குழு முழுவதும் அதன் மிகத் தளர்ந்த வண்டியின் வேகத்திலேயே செல்ல முடியும் என்பதையும் கருதினால், காப்பது எண்ணிக்கையன்று, புறப்படுவதற்கு முன் போடப்படும் கணக்கே என்பது விளங்கும்.

இந்நிலம் ஆளற்ற நிலமாக என்றும் இருந்ததில்லை. வாங்கங்குரு மக்கள் மேடுகளுக்கு இடைப்பட்ட பள்ளங்களில் ‘மிக்கிரி’ எனப்படும் குறுகிய, ஆழமான ஊற்றுக்கிணறுகளைக் கையால் தோண்டி, அவற்றைச் சார்ந்தே 19-ஆம் நூற்றாண்டின் இறுதிவரை பாலையின் உட்பகுதியில் வாழ்ந்தனர். 1886-இல் டேவிட் லின்ட்சே என்னும் நில அளவையாளர் உள்ளே செல்ல முடிந்ததும், அக்கிணறுகளை அறிந்த வழிகாட்டி ஒருவர் உடன் சென்றதால்தான். பாலைவனம் முழுவதையும் கடந்த முதல் ஐரோப்பியராகக் கருதப்படும் டெட் கோல்சன், 1936-இல் பீட்டர் எயின்ஸ் என்னும் பழங்குடித் துணைவரோடு ஒட்டகங்களில் சென்றார். மோட்டார் வண்டியில் அதை முதலில் கடந்தவர் நிலவியலாளர் ரெக் ஸ்பிரிக். 1962-இல் அவர் தம் குடும்பத்துடன் நிசான் பேட்ரோல் வண்டியில் சென்றார். அதன்பின் எண்ணெய் தேடி வந்த பிரெஞ்சு நிறுவனம் ஒன்று மேடுகளைக் குறுக்கே வெட்டிப் போட்ட நேர்த்தடமே ‘பிரெஞ்சுத் தடம்’ என்ற பெயரில் இன்றும் வழங்குகிறது. தெற்கு ஆஸ்திரேலியப் பகுதி 2021-இல் முங்கா-திர்ரி சிம்ப்சன் பாலைவனத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு 36 லட்சம் ஹெக்டேர்.

திட்டமிடுதல் நாட்காட்டியிலிருந்து தொடங்குகிறது. கோடை வெப்பத்தின் காரணமாகத் தெற்கு ஆஸ்திரேலியப் பூங்கா டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மூடப்படுகிறது. ஆகவே மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்மாதங்களே குழுப் பயணத்துக்கு உகந்தவை. அம்மாநிலத்தின் பாலைவனப் பூங்காக்கள் பலவற்றில் நுழையவும் கூடாரமிட்டுத் தங்கவும் ஒரே அனுமதிச்சீட்டு வழங்கப்படுகிறது. எல்லைக்கு அப்பால் குவீன்ஸ்லாந்துப் பகுதியில் தங்க வேறு அனுமதி வேண்டும் என்பதைப் பலர் கடைசி நாளில்தான் அறிகின்றனர்.

இவற்றைவிடக் கடினமானது சுமை பற்றிய கணக்கு. பாலையில் உயிர் காப்பவை தண்ணீரும் டீசலும். வண்டியை மணலில் அமிழ்த்துபவையும் அவையே. எடுத்துக்காட்டாக, இருவர் செல்லும் ஒரு வண்டிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 7 லிட்டர் என்று கொண்டு, ஐந்து நாள் பயணத்தோடு இரண்டு நாள் கையிருப்பையும் சேர்த்தால், ஏறத்தாழ 100 லிட்டர் தண்ணீர், அதாவது 100 கிலோ எடை, ஏற வேண்டும். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் டீசல் குடிக்கும் வண்டி, தளர்ந்த மணலில் 20 லிட்டருக்கு மேலும் கேட்கக்கூடும். 550 கிலோமீட்டருக்கு 22 லிட்டர் வீதம் கணக்கிட்டு, அதன்மேல் கால் பங்கு கூட்டினால் 150 லிட்டர், அதாவது ஏறத்தாழ 125 கிலோ. இதனோடு ஆட்கள், உணவு, குளிர்பெட்டி, இரண்டாவது மாற்றுச் சக்கரம், மீட்புக் கருவிகள் ஆகியவை சேரும்போது, வண்டி சுமக்கலாம் என்று தயாரிப்பாளர் வரையறுத்த எல்லை விரைவில் வந்துவிடுகிறது. மிஞ்சியதைக் கூரைமேல் கட்டினால் எடைமையம் உயர்ந்து, மேட்டின் உச்சியில் பக்கவாட்டில் சாயும் இடங்களில் வண்டி கவிழ நேரலாம்.

இங்கேதான் குழு என்பதன் உண்மையான பயன் தெரிகிறது. காற்றடிக்கும் கருவி, டயர் ஒட்டும் பெட்டி, செயற்கைக்கோள் தொலைபேசி போன்றவற்றை ஒவ்வொருவரும் தனித்தனியே சுமக்காமல் பகிர்ந்து ஏற்றலாம். எல்லா வண்டிகளும் ஒரே அளவுச் சக்கரம் கொண்டவையாக இருந்தால் மாற்றுச் சக்கரங்களும் பொதுச்சொத்து ஆகும். ஆனால் தண்ணீரையும் டீசலையும் ஒரே வண்டியில் பொதுவாக ஏற்றும் வழக்கம் முற்றிலும் தவறானது. பிரிந்துபோன வண்டிக்கு அடுத்த வண்டியிலுள்ள தண்ணீர் எந்த வகையிலும் உதவாது.

கணக்கில் சிறு பிழை வழிதோறும் பெருகும் என்பதற்கு அந்நிலத்திலேயே சான்று உண்டு. 1880-இல் அகஸ்டஸ் பொப்பெல் மும்முனை எல்லையை அளந்து நட்ட மரக்கம்பத்தை, அவருடைய அளவுச்சங்கிலி ஓர் அங்குலம் நீண்டிருந்தது தெரியவந்த பிறகு, இடம் மாற்றி நட வேண்டியதாயிற்று. மணலில் ஆகும் டீசல் செலவை நூறு கிலோமீட்டருக்கு ஓரிரு லிட்டர் குறைத்து மதிப்பிடுபவருக்கும் நேர்வது அதுவே. வேறுபாடு, அவர் அதை அறிவது நடுப்பாலையில் என்பதுதான்.

மேடுகளின் மேற்குச் சரிவு மென்மையாகவும் கிழக்குச் சரிவு செங்குத்தாகவும் இருப்பதால், மேற்கிலிருந்து கிழக்காகச் செல்வதே எளிது. டயர்களின் காற்றழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு 15 முதல் 18 பவுண்டு அளவுக்குக் குறைத்தால், டயர் மணலில் படியும் பரப்பு நீண்டு, வண்டி அமிழாமல் ஏறும். அழுத்தம் குறைக்காமல் விசையால் மட்டும் ஏற முயல்பவரின் சக்கரங்கள் சரிவில் குழிகளைப் பறிக்கின்றன. பின்னால் வரும் ஒவ்வொருவரும் அவற்றில் குலுங்கிச் செல்ல நேர்கிறது. தடத்தின் இன்றைய கரடுமுரடுக்கு இந்தச் சோம்பல் பெரும் காரணம். காற்றிறக்க ஆகும் சில நிமிடங்களைக்கூடச் செலவிட மனமில்லாதவர் பிறர் நிலத்தில் நுழையவே கூடாது.

உச்சியைத் தாண்டும்வரை எதிரில் வருவது தெரியாது என்பதால், தரையிலிருந்து 3.5 மீட்டர் உயரத்தில் பறக்கும் கொடி ஒவ்வொரு வண்டிக்கும் கட்டாயம். குறுகிய தொலைவுப் பேச்சுக்குரிய யு.எச்.எஃப் வானொலியின் 10-ஆம் அலைத்தடத்தில் குழுக்கள் தம் இருப்பையும் திசையையும் வண்டி எண்ணிக்கையையும் அறிவித்தபடி செல்வது வழக்கம். ஒரு நேரத்தில் ஒரு வண்டியே மேடேற வேண்டும். சிக்கிய வண்டியை இழுக்கும்போது, ரப்பர்போல் நீளும் பட்டையை வண்டியின் சட்டத்தில் பொருத்தப்பட்ட கொக்கியில்தான் மாட்ட வேண்டும். இழுவைக் குமிழில் மாட்டினால், அது முறிந்து குண்டுபோல் பாய்ந்து உயிரைப் பறிக்கும். அவசரத்தில் இதை யாரும் நினைவுகூர்வதில்லை. ஆகவே யார் கட்டுவது, யார் கட்டளையிடுவது என்பன புறப்படும் முன்பே முடிவாக வேண்டும்.

முகாம் குறித்துச் சொல்ல வேண்டியவை சில. தடத்தை ஒட்டி ஏற்கெனவே பயன்பட்ட இடங்களிலேயே கூடாரமிடுவதும், உலர்ந்த மரங்களை விறகுக்கு ஒடிக்காமல் எரிவாயு அடுப்பில் சமைப்பதும், குப்பை முழுவதையும் திருப்பிக் கொண்டுவருவதும், மிக்கிரிக் கிணறுகள் இருந்த இடங்களை வாங்கங்குரு மக்களின் உடைமையாக மதித்து விலகி நிற்பதும் குழுவில் ஒவ்வொருவரும் முன்கூட்டியே ஏற்க வேண்டியவை.

வண்டி நின்றுவிட்டால் அதைவிட்டு நடக்கக் கூடாது என்பதும் அவ்வாறே. 1963 டிசம்பரில், இப்பாலைக்குக் கிழக்கே செல்லும் பர்ட்ஸ்வில் வழியில், எரிபொருள் தீர்ந்த வண்டியை விட்டு அகன்ற ஐவர் கொண்ட குடும்பம் முழுவதும் தாகத்தால் மடிந்தது. நிற்கும் வண்டி நிழல் தரும். வானிலிருந்து தேடுவோர் கண்ணுக்கு மனிதரைவிட எளிதில் தென்படும்.

அந்த மும்முனை எல்லையான பொப்பெல் முனையைக் கடந்த பின்னும் வழி முடிந்துவிடுவதில்லை. குவீன்ஸ்லாந்தின் வடபகுதியில் பெய்த மழை, மேலே வானம் தெளிந்திருக்கும் நாட்களிலும், வாரக்கணக்கில் ஊர்ந்து வந்து ஐர் ஓடையில் பெருகித் தடத்தை மூடிவிடும்; அப்போது குழு வடக்கே நெடுந்தொலைவு சுற்றிக்கொண்டுதான் ‘பிக் ரெட்’ எனப்படும் கடைசிப் பெருமேட்டை அடைய முடியும். அந்தச் சுற்றுவழிக்கு வேண்டிய டீசலும் மவுண்ட் டேரிலேயே நிரப்பப்பட்டிருக்க வேண்டும்.