ஏரிக்கரையிலிருந்து பனிமலைக்கு

எங்கள் காவேரிப்பாக்கத்துப் பிள்ளைகளுக்கு ஏரிக்கரைதான் மலை. தென்னை மட்டையில் உட்கார்ந்து அந்தச் சரிவில் சறுக்காத பிள்ளை ஊரில் கிடையாது. என் மகளும் எட்டு வயதில் அப்படிச் சறுக்கித்தான் காலை முறித்துக்கொண்டாள். ஆறு வாரம் மாவுக்கட்டு! அன்றிலிருந்து அவள் வேகமாக ஓடினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்படிப்பட்டவள், கல்லூரி முடித்ததும், "அம்மா, அவுலிக்குப் போய்ப் பனிச்சறுக்கு கத்துக்கப் போறேன்" என்றாளே பார்க்கலாம்! "கல்யாணத்துக்கு நிக்கிற பொண்ணு. மறுபடி கால்ல ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?" என்றார் என் மாமியார். என்னவரோ, "நீயும் கூடப் போறதானா போகட்டும்" என்று பாரத்தை என் தலையில் வைத்துவிட்டார்.

2024 பிப்ரவரியில் கிளம்பினோம். டில்லி, ரிஷிகேஷ், பிறகு ஜோஷிமட் வரை சுமார் 250 கிலோமீட்டர் மலைப்பாதை. தேவப்பிரயாகையில் பாகீரதியும் அலக்நந்தாவும் கூடிக் கங்கையாவதைப் பார்த்ததும் கைகள் தாமாகக் குவிந்தன. ஜோஷிமட்டில் நரசிம்மரைச் சேவித்தோம். 2023 ஜனவரியில் அங்கே நிலம் தாழ்ந்து வீடுகள் விரிசல் கண்டபோது, அவுலிக்குப் போகும் ரோப்காரை நிறுத்திவிட்டார்கள். அதனால் ஜீப்பில்தான் ஏறினோம்.

அவுலி சுமார் 2,800 மீட்டர் உயரம். எதிரே 7,816 மீட்டர் நந்தாதேவி! ஆனால் முதல் நாள் எனக்குத் தலைவலியும் குமட்டலும்தான் மிச்சம். உயரே போகப் போகக் காற்றழுத்தம் குறைந்து, ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் பிராணவாயு குறைகிறதாம். வெந்நீர் குடித்து ஒரு நாள் ஓய்வெடுத்ததும் சரியாயிற்று. தலைவலி கூடிக்கொண்டே போனாலோ, நடை தள்ளாடினாலோ, பொறுத்துப் பார்க்காமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கெடுக்கும். கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

பயிற்சி தந்த இளைஞர் முதலில் கற்றுக்கொடுத்ததே பக்கவாட்டில் விழவும், எழுந்து நிற்கவும்தான். பெரிய சிகரங்களில் ஏறுகிறவர்கள் சறுக்குக் கட்டையின் அடியில் ரோமப்பட்டை ஒட்டிக்கொள்வார்களாம். முன்னே வழுக்கும், பின்னே பிடிக்கும். அந்தக் காலத்தில் சீல் தோல், இப்போது மோஹேரும் நைலானும். ராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு ரோமத்தின் வாட்டம் சட்டென்று புரிந்தது. உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துவிட்டுச் சறுக்கி இறங்குவார்கள்.

ஸ்லோவேனியாவின் தாவோ கர்னிச்சார் 2000 அக்டோபர் 7-ல் எவரெஸ்ட் உச்சியிலிருந்து அடிவார முகாம் வரை சறுக்கியே இறங்கினார். போலந்தின் ஆண்ட்ஜெய் பார்கியேல் 2018-ல் கே-2 சிகரத்திலிருந்தும், 2025 செப்டம்பரில் பிராணவாயு சிலிண்டர் இல்லாமல் எவரெஸ்டிலிருந்தும் இறங்கினார். கர்னிச்சார் 2019-ல் இறந்தது மலையில் அல்ல. சொந்த ஊரில் மரம் வெட்டும்போது!

அதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது. என் மகளுக்குக் கால் ஒடிந்ததும் இமயமலையிலா? வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில்தானே!

ஐந்தாம் நாள் அவள் தனியாகச் சறுக்கி வந்தாள். இரண்டு முறை விழுந்தாள். ஓடப் போன நான் நின்றுவிட்டேன். அவளே எழுந்து, பனியைத் தட்டிவிட்டுச் சிரித்தாள்.

அன்றிரவு மாமியார் போனில் கேட்டார்: "கால் நல்லா இருக்குதா?"

"இருக்கு அத்தை. அதுலதான் நிக்கிறா!"