மோட்டார் நின்னா உப்பு மிஷினும் நிக்கணும்

ரெண்டு வாரமா இங்க எதுவும் எழுதலை. தேங்காய் வெட்டு, அது முடிஞ்சதும் மழை, அப்புறம் பக்கத்துத் தோப்புல ஒரு நீச்சல்குள வேலை. அந்த வேலையைப் பத்திதான் இன்னிக்கு.

எங்க தோட்டத்துக்கு மேற்கால வாய்க்காலைத் தாண்டினா ஒரு தென்னந்தோப்பு. கோயமுத்தூர்த் தம்பி ஒருத்தர் வாங்கி, நாலு ஓட்டு வீடும் நடுவுல ஒரு குளமும் கட்டி, சனி ஞாயிறுக்கு ஆள் தங்க விடறார். ஆனைமலைப் பக்கம் இப்ப இது சகஜம். உங்கள்ல சிலபேர் இந்த மாதிரி இடத்துல வந்து தங்கியிருப்பீங்க. குளத்துத் தண்ணி பளிச்சுன்னு இருக்கறதுக்குப் பின்னாடி, செம்பருத்திச் செடி மறைவுல ஒரு சின்ன ரூமும் அதுக்குள்ள ஒரு மோட்டாரும் இருக்கும். அங்க யாரும் எட்டிப் பார்க்கிறதில்லை.

வியாழக்கிழமை ராத்திரி போன் வந்துச்சு. "அண்ணா, குளத்து மோட்டார்ல காயில் போயிருச்சுங்ணா. சனிக்கிழமை ஒரு குடும்பம் வருது, குழந்தைகளே ஏழெட்டுப் பேர். புது மோட்டார் வாங்கிட்டேன். மாட்டறதுக்கு ஆள்தான் கிடைக்கலை. நீங்க கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

நான் படிச்சது பன்னெண்டாவதுதான். ஆனா முப்பது வருஷமா கிணத்து மோட்டாரோட மல்லுக்கட்டுறேன். சீல் மாத்தறது, பேரிங் போடறது, ஸ்டார்ட்டர் பாக்கறது எல்லாம் கைப்பழக்கம். குளத்து மோட்டார் மட்டும் என்ன பெருசா வேற மாதிரி இருந்திரப் போகுதுன்னு வெள்ளிக்கிழமை காலையில போனேன்.

போனதும் முதல்ல கண்ணுல பட்டது மோட்டார் இல்லை. சுவத்துல ஒரு வெள்ளைப் பெட்டி, அதுல பச்சை லைட்டு எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு. "இது என்ன?"ன்னு தோப்புல வேலை பாக்கிற அக்காவைக் கேட்டேன். "அது உப்பு மிஷினுங்க. அது நல்லாத்தான் ஓடுது. மோட்டார்தான் மூணு நாளா ஓடலை"ன்னாங்க.

எனக்கு அது சரியாப் படலை. மோட்டாரை விட்டுட்டு அந்தப் பெட்டிகூட வந்த புத்தகத்தை வாங்கித் திண்ணையில உக்காந்து படிச்சேன். புரியாத இடத்துக்கு மகனுக்குப் போன் போட்டேன்.

விஷயம் இதுதான். இந்தக் குளத்துல யாரும் குளோரின் கொட்டறதில்லை. சாதாரண உப்புத்தான். லிட்டருக்கு 3, 4 கிராம். இந்தக் குளம் 50,000 லிட்டர். அப்ப 150லிருந்து 200 கிலோ உப்பு கரைஞ்சு கிடக்குது. கடல் தண்ணியில லிட்டருக்கு 35 கிராம் வரும். அதனால இது வாயில பட்டா லேசாத்தான் கரிக்கும். மோட்டார் அந்தத் தண்ணியை இழுத்து, பில்டர் வழியா, டைட்டானியம் தகடு வச்ச ஒரு குழாய்க்குள்ள தள்ளுது. தகட்டுல டிசி கரன்ட் பாயறப்ப உப்புலிருந்து குளோரின் பிரியுது. அது கிருமியைக் கொன்னுட்டுத் திரும்ப உப்பாவே தண்ணியில சேருது.

ஆனா குளோரின் பிரியறப்பவே ஹைட்ரஜன் வாயுவும் வருது. தண்ணி ஓடிக்கிட்டிருந்தா அதையும் இழுத்துட்டுப் போயி வெளிய விட்டுரும். தண்ணி நின்னு, கரன்ட் மட்டும் போய்க்கிட்டே இருந்தா வாயு அந்தக் குழாய்லயே அடைஞ்சு நிக்கும். ஹைட்ரஜனுக்கு ஒரு பொறி போதும், குழாய் வெடிச்சுரும்.

இங்க மோட்டாருக்குத் தனி எம்சிபி, உப்பு மிஷினுக்குத் தனி பிளக். முன்னாடி வயரிங் பண்ணினவர் அப்படிக் குடுத்துட்டுப் போயிட்டார். தண்ணி ஓடலைன்னா மிஷினை நிறுத்தறதுக்கு ஒரு ப்ளோ சுவிட்ச் இருக்குது. அதைக் கழட்டிப் பார்த்தா, உள்ள ஆடவேண்டிய துடுப்பு சுண்ணாம்பு பிடிச்சு ஒரே பக்கமா இறுகி நிக்குது. தண்ணி ஓடறதாவே அது மூணு நாளா மிஷினுக்குச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு.

பிளக்கைப் பிடுங்கிட்டு, ரூம் கதவு ஜன்னலைத் திறந்து போட்டுட்டு, ஒரு டீ குடிச்சுட்டுத்தான் திரும்ப உள்ள போனேன்.

மோட்டார் மாத்தின கதையைச் சுருக்கமாச் சொல்லிடறேன். பழசு சிங்கிள் பேஸ். சீல் தேஞ்சு, உப்புத் தண்ணி ஷாப்ட் வழியாக் கசிஞ்சு பேரிங்கைத் தின்னு, பேரிங் இறுகிக் காயில் கருகிப்போச்சு. கிணத்து மோட்டார்ல நாம பாக்கிற அதே சாவுதான். தம்பி வாங்கிட்டு வந்தது 3 பேஸ், ஒன்றரை எச்பி, அதே அளவு பிளாஞ்சு. நல்ல வேளை, புது சீலும் வாங்கியிருந்தார். பழைய சீலைத் திரும்பப் போட்டா இதே கதை ஆறு மாசத்துல திரும்ப வரும். சீலோட வழவழப்பான முகத்துல விரல் படக்கூடாது. கை எண்ணெய் பட்டாக்கூடக் கசியும்.

3 பேஸ்ல ஒரு சங்கதி இருக்குது. எந்தப் பக்கமும் சுத்தும். இந்தப் பம்புல இம்பெல்லர் மரை போட்டு ஷாப்ட்ல ஏறுற ரகம். மோட்டார் எதிர்ப்பக்கம் சுத்தினா இம்பெல்லர் கழண்டு வந்து மூடியில இடிச்சு நொறுங்கிரும். அதனால இம்பெல்லரை மாட்டறதுக்கு முன்னாடியே ஒரு நொடி ஓட்டிப் பார்த்தேன். எதிர்ப்பக்கமாத்தான் சுத்துச்சு. ரெண்டு பேஸை மாத்திக் குடுத்ததும் சரியாயிருச்சு.

அடுத்தது வயரிங். இதுக்கு என் மச்சான் பையனைக் கூப்பிட்டேன். வயர்மேன் லைசென்ஸ் வச்சிருக்கான். மெயின் போர்டுல அவன்தான் கை வைக்கணும்னு சொல்லிட்டேன். டைமர் ஸ்டார்ட்டரோட காயிலை இழுக்குது, ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்டுது. உப்பு மிஷினுக்கு அந்த ஸ்டார்ட்டர்லிருந்து வெளிய வர்ற பக்கத்துல, ஒரு பேஸும் நியூட்ரலும் எடுத்துக் குடுத்தோம். ரெண்டு பேஸ்ல குடுத்துட்டா 230 வோல்ட் பெட்டிக்கு 415 போயி அங்கயே புகைஞ்சிரும். இப்படிக் குடுத்ததால டைமர் நிறுத்தினாலும், ஓவர்லோடுல ஸ்டார்ட்டர் விழுந்தாலும், ஒரு பேஸ் போயி பிரிவென்டர் அடிச்சாலும், மோட்டாரோட சேர்ந்து மிஷினும் நிக்கும். ப்ளோ சுவிட்சையும் சுத்தம் பண்ணித் திரும்பப் போட்டோம். மோட்டார் சுத்தியும் தண்ணி வராம இருக்கலாமே, அதுக்கு இது வேணும்.

எல்லாம் முடிய சாயங்காலம் ஆயிருச்சு. அப்பத்தான் பையன் சொன்னான், "மாமா, போர்டுல ஆர்சிசிபியே இல்ல. எர்த் கம்பி வெறுமனே சுவத்துல தொங்குது."

தம்பிகிட்டச் சொன்னேன். "நாளைக்கு ஒரு நாள் ஓட்டிக்கலாமுங்ணா, திங்கக்கிழமை வாங்கிப் போட்டர்றேன். இத்தனை நாள் ஓடிச்சில்லைங்களா"ன்னார்.

நான் பள்ளிக்கூடம் முடிச்ச வருஷம் எங்க சித்தப்பா மோட்டார் ரூம்ல விழுந்து கிடந்தார். ஈரக்காலோட ஸ்டார்ட்டர் பெட்டியைத் தொட்டிருக்கார். எர்த் இல்லை. நான்தான் முதல்ல போய்ப் பார்த்தது. இதைத் தம்பிகிட்ட ரெண்டே வரியில சொன்னேன். "அவர் ஒரு ஆளு, தம்பி. இங்க ஏழெட்டுக் குழந்தைங்க தண்ணிக்குள்ள இருக்கும். ஆர்சிசிபி போடாம ஸ்டார்ட்டர் சாவியை நான் தரமாட்டேன்"னு சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். அவருக்குக் கோபம். பக்கத்துத் தோட்டத்துக்காரன் இப்படிப் பேசினா யாருக்கும் வரும். ஒண்ணும் பேசாம காரை எடுத்துட்டுப் போனார். ராத்திரி எட்டரைக்கு பொள்ளாச்சியிலிருந்து 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, செம்புக் கம்பி, எர்த் பைப் எல்லாம் வாங்கிட்டு வந்து இறக்கினார். டார்ச் வெளிச்சத்துல குழி தோண்டி, பைப் இறக்கி, போர்டுல மாட்டி முடிக்கப் பதினோரு மணி.

மோட்டாரைப் போட்டோம், பச்சை லைட்டு வந்துச்சு. நிறுத்தினோம், லைட்டும் அணைஞ்சுச்சு. தம்பி நாலஞ்சு தடவை போட்டுப் போட்டு நிறுத்திப் பார்த்தார். "இவ்வளவுதானுங்களாண்ணா"ன்னு கேட்டார். இவ்வளவுதான், ரெண்டு வயரை எடம் மாத்தினது.

சனிக்கிழமை காலையில எங்க வரப்புல நின்னாலே குழந்தைங்க கத்தறது கேட்டுச்சு.

கூலி குடுத்தார், பையனுக்கு மட்டும் வாங்கிக் குடுத்தேன். பில்டர் கழுவுற உப்புத் தண்ணியை என் வாழைப் பக்கம் விடாதீங்கன்னு மட்டும் கேட்டுக்கிட்டேன். தென்னைக்கு நாமே உப்புப் போடறதுண்டு, அது தாங்கும். வாழை தாங்காது.

சொல்ல வெக்கமா இருக்குது, ஆனாலும் சொல்லிடறேன். அன்னிக்கு மத்தியானம் என் சொந்த மோட்டார் ரூமுக்குப் போனேன். எர்த் கம்பி குழிக்கு ஒரு சாண் முன்னாடியே துருப்பிடிச்சு அத்துக் கிடக்குது. எத்தனை வருஷமா அப்படின்னு தெரியலை. இதே ஸ்டார்ட்டரை என் பேரன் ஒட்டுக்குச்சி மேல ஏறி நின்னு போட்டிருக்கான், நானே தூக்கிவிட்டுப் போடச் சொல்லியும் இருக்கேன்.

மம்பட்டியும் அடுப்புக்கரியும் எடுத்துக்கிட்டு, வீட்டுல கல்லுப்பு இருக்கான்னு கேட்டேன். "எதுக்கு, நீங்களும் குளம் வெட்டப் போறீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே வீட்டுக்காரி ரெண்டு பாக்கெட் எடுத்துக் குடுத்தா.